கடன் படிவத்துக்கு முன்னால் அம்மாவின் பீடி அட்டையைத் தேடு

கேள்வி: தென்காசி மாவட்டம், ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள் நாங்கள். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா பீடி சுற்றுகிறார். அண்ணன் டிப்ளமோ முடித்துவிட்டு கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், முடிந்த மாதம் நாலாயிரம் அனுப்புவான். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பிளஸ் டூவில் 600க்கு 498. கலந்தாய்வில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்து, சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கல்விக் கட்டணம் 50,000, விடுதியும் சாப்பாடும் 60,000, மற்றவை 20,000 என்று ஆண்டுக்கு 1,30,000 ரூபாய் வரும் என்கிறார்கள். விடுதியில் இன்னும் சேரவில்லை, ஊரிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் "முழுசாகக் கட்டு, அரசாங்கம் தந்ததும் திருப்பித் தருகிறோம்" என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அம்மா சங்கிலியை அடகு வைத்து 40,000 கட்டியிருக்கிறார். ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர், மூவாயிரம் ரூபாயும் வீட்டுப் பட்டாவும் கொடுத்தால் ஐந்து லட்சம் கல்விக் கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? வேறு உதவி ஏதும் கிடைக்குமா? வகுப்பில் எல்லார் முன்னாலும் உதவித்தொகை ஃபார்ம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கடன், பட்டா, அடகு இதெல்லாம்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை படிக்கும்போது "அம்மா பீடி சுற்றுகிறார்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். வீட்டு நிலைமையைச் சொல்ல நீ எழுதிய வரி அது. ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை மேசையில் 24 ஆண்டுகள் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் தெரிந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் கல்வி உதவித்தொகை தருகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்து, பொறியியல், மருத்துவம் மாதிரித் தொழிற்படிப்பு படிப்பவருக்கு ஆண்டுக்கு 25,000 வரை போகிறது. என்எஸ்பி என்று எல்லாரும் சொல்லும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு, உன் அம்மா தன் வேலையில் குறைந்தது ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும், நீ கடைசியாக எழுதிய தேர்வில் முதல் தடவையிலேயே தேறியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படை அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை.

அந்த அட்டையை இன்று ராத்திரியே தேடிப் பார். பெரும்பாலும் ரேஷன் கார்டு, பழைய பிஎஃப் சீட்டுகளோடு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். கிடைத்ததும் யார் பெயரில் இருக்கிறது என்று பார். உங்கள் பக்கத்து ஊர்களில் இது பெரிய சிக்கல். பீடிக் கடைப் பாஸ்புக் மாமியார் பெயரில் இருக்கும், தட்டை மடியில் வைத்துச் சுற்றுவது மருமகளாக இருப்பார். என்னிடம் வந்த ஒரு மாணவி பாட்டியின் அட்டையை ஸ்கேன் செய்து போட்டிருந்தாள். அப்பாவோ அம்மாவோதான் தொழிலாளியாக இருக்க வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அவளுடைய அம்மா பதினைந்து வருடமாகச் சுற்றுகிறார், கட்டைவிரல் நகத்தில் அதற்கு அடையாளம் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. அந்த ஆண்டு அவளுக்குப் பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அம்மா பெயரில் அட்டை எடுத்த பிறகுதான் வந்தது.

உன் அம்மா பெயரில் அட்டை இல்லையென்றால், பீடித் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு நடத்தும் மருந்தகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போ. உங்கள் வட்டாரத்தில் இந்த மருந்தகங்கள் உண்டு, முக்கூடலில் மருத்துவமனையே இருக்கிறது. அட்டைக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அங்கேயே சொல்வார்கள். கல்லூரி மாணவர்களுக்கு இந்த உதவித்தொகையின் கடைசி நாள் பெரும்பாலும் அக்டோபர் 31 ஆக இருக்கும். அதனால் அட்டை வேலையை நாளைக்கு என்று தள்ளாதே.

அடுத்தது உன் செலவில் பெரிய துண்டு, விடுதி. 60,000 ரூபாய். கல்விக் கட்டணத்தைக் குறைக்கத்தான் எல்லாரும் ஓடுகிறார்கள், விடுதிக் கட்டணத்தை யாரும் யோசிப்பதில்லை. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக்குக் கல்லூரி மாணவியருக்கென்றே விடுதிகள் இருக்கின்றன. 2025 ஜூலையில் அரசு விடுதிகளுக்கு எல்லாம் சமூக நீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். ஊரில் இன்னும் பி.சி. ஹாஸ்டல் என்றுதான் சொல்கிறார்கள், நீயும் அப்படியே கேட்கலாம். தங்குவதும் சாப்பாடும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்ற விதி பையன்களுக்குத்தான், பெண் பிள்ளைகளுக்கு இல்லை. தனியார் கல்லூரியில் படிப்பதால் சேர்க்க மாட்டார்கள் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே. கொக்கிரகுளத்தில் இருக்கிற திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம் எது என்று கேள். உன் கல்லூரிக்குக் கிட்ட எந்த விடுதி, அதில் இடம் இருக்கிறதா என்று விசாரி. விடுதிக் காப்பாளரையும் நேரில் பார். கல்வியாண்டு தொடங்கிவிட்டதே என்று தயங்க வேண்டாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள், அந்த இடங்கள் அப்புறம்தான் நிரம்பும்.

விடுதி நகரத்துக்குள் அமைந்து, கல்லூரிக்குச் சாதாரண நகரப் பேருந்து போனால், பெண்களுக்கு அதில் டிக்கெட் இல்லை. கல்லூரிப் பஸ்ஸுக்குத் தனியாகக் கட்ட வேண்டியிராது. சாப்பாடு கல்லூரி விடுதி அளவுக்கு இருக்குமா என்று உன் சிநேகிதிகள் கேட்பார்கள். அறையில் கூட்டமாக இருக்கும், குழம்பு சில நாள் தண்ணீராக இருக்கும். நான்கு ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் கடன் வாங்காமல் இருப்பதற்கு அதைத் தாங்கலாம் என்பது என் கருத்து. முடிவு உன்னுடையது.

இப்போது முதல் பட்டதாரி விஷயம். உன் அண்ணன் டிப்ளமோ என்பதால் பிரச்சினை இல்லை, டிப்ளமோ பட்டம் ஆகாது. கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்த முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தில் 25,000 ரூபாயை அரசே கல்லூரிக்குக் கொடுக்கிறது. சாதி, வருமானம் எதுவும் இதற்குக் கணக்கில்லை. 2010-11இல் இருந்து நடக்கிற திட்டம் இது, எந்தக் கல்லூரி அலுவலகத்துக்கும் தெரியாத விஷயம் இல்லை. அந்தத் தொகையை உன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு தருகிறோம் என்பது முறை இல்லை.

சண்டை வேண்டாம், வாயால் கேட்டுக்கொண்டும் இருக்காதே. ஒரு வெள்ளைத் தாளில் முதல்வருக்கு எழுது. "ஐயா, நான் கலந்தாய்வு வழியாக இன்ன துறையில் சேர்ந்துள்ளேன். என் ஒதுக்கீட்டு ஆணையில் முதல் பட்டதாரி என்று குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே அரசு செலுத்தும் 25,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதித் தொகைக்கு இனவாரியாக ரசீது தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். ஒதுக்கீட்டு ஆணை, சான்றிதழ் இரண்டின் நகலையும் பின் குத்து. கடிதத்தை இரண்டு பிரதி எடு. ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு சீல் போட்டுத் தரச் சொல். பையில் வைத்துக்கொள். என் மேசையில் வாயால் கேட்டவர்கள் நூறு பேர் வந்து போனார்கள். தாளில் கேட்டவர்களுக்கு நாங்கள் தாளில் பதில் எழுத வேண்டியிருந்தது, அதனால் வேலையும் நடந்தது. அப்படியும் அசையாவிட்டால் அதே பிரதியோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடு.

"இனவாரியாக" என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. "மற்றவை 20,000" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியவில்லை. கல்லூரிப் பஸ், பயிற்சி வகுப்பு, சீருடை என்று ஏதேதோ இருக்கும். நீ பயன்படுத்தாததும் அதில் சேர்ந்திருக்கலாம். பிரித்துக் கேட்டால்தான் தெரியும். பிறகு வங்கிக்குப் போக நேர்ந்தாலும் இதே தாளைத்தான் கேட்பார்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும்தான் இருந்தது. 2024 டிசம்பர் கடைசியில் தூத்துக்குடியில் நடந்த விழாவில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவுபடுத்தினார்கள். நீ அதில் வருகிறாய். உன் பள்ளிக்காரர்களோ சீனியர்களோ "நமக்கெல்லாம் கிடையாது" என்று சொல்லியிருந்தால் அது பழைய கதை. இதை நீயாக வீட்டிலிருந்து போட முடியாது, கல்லூரி வழியாகத்தான் பதிவு செய்வார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த விவரம், பள்ளியில் உனக்குத் தந்த மாணவர் அடையாள எண்ணான எமிஸ் எண்ணில் இருக்கும், அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இந்த ஆயிரத்தைச் சேர்த்து வாங்கலாம். ஆனால் பொறியியலில் அரசுப் பள்ளி மாணவருக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடும் அதோடு வரும் முழுக் கட்டண விலக்கும் உனக்குப் பொருந்தாது. அது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். அரசு உதவி பெறும் பள்ளி என்பது வேறு கணக்கு. ஏன் கிடைக்கவில்லை என்று அதற்காக அலைந்து நாளை வீணாக்காதே.

இப்போது கூட்டிக் கழித்துப் பார். 1,30,000இல் விடுதி 60,000 போனால் 70,000. முதல் பட்டதாரி 25,000 போனால் 45,000. நீ ஏற்கெனவே 40,000 கட்டியாயிற்று. ஆக, இந்த ஆண்டு கல்லூரிக்குக் கையிலிருந்து கட்ட வேண்டியது இன்னும் ஐயாயிரம்தான். பீடித் தொழிலாளர் உதவித்தொகை 25,000, புதுமைப் பெண் ஆண்டுக்கு 12,000. இவை வந்து சேரும்போது அம்மாவின் சங்கிலியில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். உதவித்தொகை விண்ணப்பித்த மாதமே வராது. கல்லூரி சரிபார்த்து, பிறகு துறை சரிபார்த்து, ஆண்டுக் கடைசியிலோ அதற்குப் பின்னாலோ வரும். அதை நம்பி இன்றைய செலவை வைத்துக்கொள்ள முடியாது. வந்தால் கடனை அடைக்க உதவும் என்று வைத்துக்கொள்.

சங்கிலி எங்கே அடகில் இருக்கிறது என்று நீ எழுதவில்லை. தனியார் அடகுக் கடையில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம் ஆகிறது. 40,000க்கு வருடம் 9,600 ரூபாய் வட்டியே போய்விடும். கூட்டுறவு வங்கிக்கோ அரசு வங்கிக்கோ மாற்ற முடியுமா என்று அண்ணனை ஒரு நாள் லீவு போட்டு வரச் சொல்லிப் பார்க்கச் சொல். நகைக் கடன் வட்டி அங்கே இதில் பாதிகூட இருக்காது.

பொறியியல் படிக்கும் பெண்களுக்கு பிரகதி என்று இன்னொரு உதவித்தொகை இருக்கிறது. ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் தருவது, ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சம் வரை, ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. அதுவும் என்எஸ்பி தளத்தில்தான். தொகையைப் பார்த்ததும் மனம் அங்கே போகும். ஆனால் அது மதிப்பெண் வரிசைப்படி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை மட்டும் கொடுப்பது. உன்னுடைய 83 சதவீதம் நல்ல மதிப்பெண், ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல் சேரும் பெண்களில் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவர்கள் நிறைய. பீடித் தொழிலாளர் உதவித்தொகையில் அந்தப் போட்டி இல்லை. தளத்தில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க வழி திறந்திருந்தால் இரண்டையும் போடு, ஒன்று கிடைத்ததும் மற்றதை விட்டுவிடு. ஒன்றுதான் போட முடியும் என்றால், உன் இடத்தில் நான் இருந்தால் பீடித் தொழிலாளர் உதவித்தொகையைத்தான் பிடிப்பேன்.

பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் மாநில உதவித்தொகையும் இருக்கிறது, வருமான வரம்பு அதே 2.5 லட்சம். கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, உனக்கு எவ்வளவு வரும் என்று எழுதி வாங்கிக்கொள். மத்திய அரசுப் படிவத்தில் "வேறு உதவித்தொகை பெறுகிறீர்களா" என்று ஒரு கேள்வி வரும். அங்கே உண்மையை எழுது. எல்லாமே ஆதாரில்தான் ஓடுகிறது, மறைத்தால் பிறகு தெரிந்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். செலவழித்த பணத்தைத் திருப்பிக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று என் மேசைக்கு எதிரில் நின்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எது பெரிய தொகையோ அதை வைத்துக்கொள்.

இனிமேல் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. தகுதி இல்லாமல் உதவித்தொகை இழந்தவர்களை விட, பெயரிலும் வங்கிக் கணக்கிலும் மாட்டி இழந்தவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவங்கள் அப்படி இல்லை. மதிப்பெண் சான்றிதழில் "செல்வி க" என்று இருக்கும், ஆதாரில் "கருப்பசாமி செல்வி" என்று விரித்திருப்பார்கள், வங்கிப் பாஸ்புக்கில் "க. செல்வி". நமக்குப் பார்த்தால் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். உன்னுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஐந்தையும் தரையில் வரிசையாகப் பரப்பி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார். பிறந்த தேதியையும் பார். மாறியிருந்தால் மதிப்பெண் சான்றிதழில் இருப்பது போல ஆதாரைத் திருத்து. ஆதார் திருத்தம் சுலபம், மதிப்பெண் சான்றிதழ் திருத்தம் சுலபமில்லை. அம்மாவின் ஆதாரில் இருக்கும் பெயரும் பீடி அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றா என்பதையும் இதே மூச்சில் பார்த்துவிடு.

வங்கிக் கணக்கு. "ஆதார் லிங்க் பண்ணியாச்சு" என்று எல்லாரும் சொல்வார்கள். கணக்குத் திறக்க ஆதார் நகல் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வருவதற்காக அந்தக் கணக்கோடு ஆதாரை இணைப்பது வேறு. இரண்டாவதற்கு வங்கியில் தனியாக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கு இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக எதில் இணைத்தாயோ அதற்குத்தான் பணம் போகும், நீ படிவத்தில் எந்த எண்ணை எழுதினாலும் சரி. ஆதார் இணையதளத்தில் உன் செல்போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு, எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று நீயே பார்க்கலாம்.

பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு என்றால் இன்னொன்று. பதினெட்டு வயதுக்கு முன் திறந்ததை இப்போது மேஜர் கணக்காக மாற்றி, புதுக் கையெழுத்துக் கொடுக்க வேண்டும். சரியான ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்காக இருந்தால், அதில் இருப்பு 50,000ஐத் தாண்டக் கூடாது, ஆண்டுக்கு மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது. இரண்டு ஆண்டு எதுவும் போடாமல் எடுக்காமல் விட்டிருந்தால் கணக்கே செயலற்றுக் கிடக்கும். வங்கிக்குப் போய் நூறு ரூபாய் போட்டு, பாஸ்புக்கில் வரி விழுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வா.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் கொண்டு போ. கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது அம்மாவின் சுற்றுக் கூலி எவ்வளவு, அண்ணன் எப்போதாவது என்ன அனுப்புகிறான் என்பதை உள்ளபடி சொல். உங்கள் உண்மையான வருமானமே எல்லா வரம்புக்கும் கீழேதான் இருக்கும், குறைத்துச் சொல்ல அவசியமே இல்லை. சிலர் உதவித்தொகைக்குக் குறைவாக ஒன்று, வங்கிக்குக் கூடுதலாக ஒன்று என்று இரண்டு சான்றிதழ் வாங்கச் சொல்வார்கள். செய்யாதே. எல்லா இடத்துக்கும் ஒரே சான்றிதழ்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கடன்.

அரசு விடுதியில் இடம் கிடைக்கவே இல்லை, உதவித்தொகையும் தாமதமாகிறது என்றால் கடன் வாங்கு. அதில் தப்பே இல்லை. ஆனால் 5 லட்சம் வேண்டாம். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு. 5 லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 6,600 ரூபாய். ஒரு லட்சத்தை ஐந்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 2,125. முதல் வேலையில் உனக்கு வரப்போகும் சம்பளத்தில் இந்த இரண்டையும் வைத்துப் பார்.

4 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து எதையும் பிணையாகக் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நம் கையிலிருந்து ஒரு பங்கு போட வேண்டும் என்பதும் அதற்குள் கிடையாது. அம்மா இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். ஆக, அந்த பிரவுசிங் சென்டர்காரருக்கு உன் வீட்டுப் பட்டா எதற்கு? மூவாயிரமும் எதற்கு? வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. பட்டாவை யார் கையிலும் கொடுக்காதே. ஏற்கெனவே நகல் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள். செல்போனுக்கு வரும் ஓடிபியையும் சொல்லாதே.

படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தனி வட்டியாக ஏறிக்கொண்டே இருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் தரச்சான்றோ உன் பாடப்பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரமோ இருந்தால், அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் உண்டு. கடன் வாங்கும் அன்றே வங்கியில் இதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வங்கி தானாகச் செய்துவிடும் என்று இருந்துவிடாதே. மேலாளர் இல்லை என்று சொன்னால், எழுத்தில் காரணம் தரச் சொல். கல்விக் கடனை ஒரு கிளை மறுக்க வேண்டுமானால் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பார், மாவட்டத்தில் நடக்கும் கல்விக் கடன் முகாமுக்கும் போ.

கடைசியாகக் கூச்சம். வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்க வேண்டியதில்லை. கல்லூரியில் உதவித்தொகைக்கென்று ஒரு நோடல் அலுவலர் இருப்பார். சாயங்காலம் நாலரை மணிக்குக் கூட்டம் குறைந்ததும் அவரைப் போய்ப் பார். என்னிடமும் அந்த நேரத்தில்தான் வருவார்கள், ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு கதவைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். அவர்களுக்காகவே நான் ஐந்தரை வரை உட்கார்ந்திருப்பேன். உன் கல்லூரியிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

பீடித் தொழிலாளர் நல நிதிக்கு 1976இல் சட்டம் வந்தது. தயாரான பீடி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று தீர்வை வசூலித்துத்தான் அந்த நிதியைச் சேர்த்தார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை நின்று, இப்போது அரசின் பொதுப் பணத்திலிருந்து வருகிறது. உன் அம்மா 2017க்கு முன் சுற்றிக் கடையில் போட்ட ஒவ்வொரு ஆயிரம் பீடிக்கும் அந்த நிதியில் ஒரு பங்கு விழுந்திருக்கிறது. ஃபார்ம் கேட்கப் போகும்போது இது உன் நினைவில் இருக்கட்டும்.

சில உதவித்தொகைகள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவை, தேர்ச்சி பெற்றால்தான் தொடரும். முதல் செமஸ்டரில் கணக்குப் பாடத்தில் அரியர் விழுந்து 25,000 போனவர்கள் உண்டு. பஸ்ஸில் போகவர மூன்று மணி நேரம் போனால் படிக்க எங்கே நேரம்? அதற்காகவும்தான் விடுதியை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை கொக்கிரகுளம் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. ஒரு நாள் சுற்று போனால் போகட்டும். அட்டை யார் பெயரில் இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுது, அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.